வீட்டில் ஒருவருக்கு விசிட்டர் விசா மறுக்கப்பட்ட பிறகு: மறுபடி விண்ணப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை

கணவருக்கு விசா வந்து மனைவிக்கு வராமல் போகிறது. அல்லது அப்பா, அம்மா இருவருக்கும் ஒரே நாளில் மறுப்பு வந்து, அடுத்து போட இருந்த தங்கையின் விண்ணப்பமும் அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டில் எழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உடனே திரும்பப் போடலாமா, ஆறு மாதம் பொறுக்க வேண்டுமா? கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகள்) எதிலும், சாதாரண மறுப்புக்குப் பிறகு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. மறுநாளே போடலாம். ஆனால் புதிய விண்ணப்பத்தைத் திறக்கும் அதிகாரியின் திரையில் பழைய விண்ணப்பமும், அதை மறுத்தவர் எழுதிய குறிப்பும் இருக்கும். அதே காகிதங்கள் திரும்ப வந்தால் அதே முடிவை எழுத அவருக்குச் சில நிமிடங்கள் போதும். கட்டிய கட்டணமும் திரும்ப வராது.

ஆகவே நாளை எண்ணுவதை விட்டுவிட்டு, எதனால் மறுத்தார்கள் என்று தெரிந்துகொள்வதில் தொடங்குங்கள்.

கனடாவின் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் அச்சில் வார்த்தது போல இருக்கும். குடிவரவு விதிமுறைகளின் 179(பி) பிரிவைக் காட்டி, "தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் கனடாவை விட்டுப் புறப்படுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை" என்று சொல்லிவிட்டு, கீழே காரணங்களை அடுக்கும்: கனடாவிலும் சொந்த நாட்டிலும் உள்ள குடும்பத் தொடர்புகள், வருகையின் நோக்கம், சொத்தும் பண நிலையும், பயண வரலாறு, வேலை நிலவரம். இந்த ஒற்றை வரிகளை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "பண நிலை" என்றால் பணம் குறைவு என்று எடுத்துக்கொண்டு பலர் கடன் வாங்கிக் கணக்கை நிரப்புகிறார்கள். அதிகாரியின் சந்தேகமோ, இருந்த பணம் எங்கிருந்து வந்தது என்பதாக இருந்திருக்கும். 2025 ஜூலை இறுதியிலிருந்து சில விண்ணப்பங்களுக்கு அதிகாரியின் முடிவுக் குறிப்பையும் மறுப்புக் கடிதத்தோடு இணைத்து அனுப்புகிறார்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லையென்றால் ஜிசிஎம்எஸ் குறிப்புகளை, அதாவது குடிவரவுத் துறையின் கணினியில் உங்கள் கோப்பைப் பற்றி அதிகாரிகள் பதிந்தவற்றை, கேட்டு வாங்க வேண்டும். கனடாவில் இருக்கும் பிள்ளையோ உறவினரோ, விண்ணப்பித்தவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை வைத்து, 5 டாலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தின்கீழ் இணையத்திலேயே கேட்கலாம். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். சில சமயம் தாமதமாகும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு கோப்புகளிலும் எழுதியிருப்பது ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை.

குறிப்புகளோடு, நீங்கள் சமர்ப்பித்த படிவங்களின் நகலையும் கேட்பது நல்லது. ஏஜென்ட் மூலம் போட்டவர்களுக்கு இது மிக முக்கியம். தன் பெயரில் என்ன எழுதி அனுப்பினார்கள் என்றே தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். வருமானத்தைக் கூட்டிப் போட்டிருப்பார்கள், உடன்பிறந்த ஒருவரை விட்டிருப்பார்கள், வீட்டில் இருக்கும் அம்மாவை "சுயதொழில்" என்று காட்டியிருப்பார்கள். அது தெரியாமல் இரண்டாவது விண்ணப்பத்தில் உண்மையை எழுதினால், இரண்டும் முரண்பட்டு நிற்கும்.

பிரிட்டனின் மறுப்புக் கடிதம் இந்த விஷயத்தில் தெளிவானது. வருகையாளர் விதிகளின் வி 4.2 பத்தியில் எந்த உட்பிரிவு பொருந்தவில்லை என்பதோடு, எந்தக் காகிதத்தைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் எழுதிவிடுவார்கள். (ஏ) என்றால் திரும்பிப் போவீர்களா என்ற சந்தேகம். (சி) என்றால் சொன்ன நோக்கம் உண்மைதானா என்பது. (இ) என்றால் செலவுக்குப் போதுமான பணம். சாதாரண விசிட்டர் விசாவுக்கு அங்கே மேல்முறையீடு கிடையாது என்பதால், புதிய விண்ணப்பம்தான் நடைமுறை வழி. ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மறுப்புப் படிவம். காரணத்தைக் கட்டத்தில் குறியிட்டுக் கொடுப்பார்கள். மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அந்தப் படிவத்திலேயே இருக்கும். முந்தைய மறுப்பை மட்டும் காரணமாக வைத்துப் புதிய விண்ணப்பத்தைத் தானாக மறுக்கக் கூடாது என்று ஷெங்கன் விசா சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்கா கொடுக்கும் தாள்தான் மிகக் குறைவாகச் சொல்லும்: 214(பி). விசிட்டர் விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வருகிறார் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அப்படியில்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. மேல்முறையீடு இல்லை. புதிய டிஎஸ்-160 (இணைய விண்ணப்பப் படிவம்), புதிய கட்டணம், புதிய நேர்காணல்.

ஒருவரின் மறுப்பு மற்றவரை எப்படித் தொடுகிறது

படிவத்தில் "உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா" என்று கேட்பது அந்த விண்ணப்பதாரரைப் பற்றி மட்டுமே. அண்ணனுக்கு மறுப்பு வந்ததற்காகத் தம்பி "ஆம்" என்று போட வேண்டியதில்லை. ஆனால் தனக்கு வந்த மறுப்பு எதுவாக இருந்தாலும் "ஆம்"தான். கனடாவின் படிவம் கனடாவை மட்டும் கேட்பதில்லை, எந்த நாடாக இருந்தாலும் என்று கேட்கிறது. பத்து வருடத்துக்கு முன்பு ஷெங்கன் விசா கிடைக்கவில்லை என்றாலும் எழுத வேண்டும். கூடுதல் ஆவணமோ சரிபார்ப்போ வேண்டும் என்று நிறுத்தி வைக்கும் 221(ஜி) தாளை அமெரிக்காவிடம் வாங்கியிருந்தாலும் டிஎஸ்-160-இல் அதைச் சொல்லிவிடுவதே சரி. குழந்தைகள் விஷயத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். மூன்று வயதில் குடும்பத்தோடு போட்டு மறுக்கப்பட்ட குழந்தைக்கு அது அந்தக் குழந்தையின் பெயரிலேயே பதிவான மறுப்பு. பன்னிரண்டு வயதில் போடும்போதும் "ஆம்" என்றே எழுத வேண்டும்.

மறைத்தால் தெரியாது என்று யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. கனடாவில் தவறான தகவல் தந்ததாக முடிவானால் ஐந்து வருடத் தடை. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் பத்து வருடம் வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். வெறும் மறுப்பைத் திருத்த வழி உண்டு. இந்தத் தடையிலிருந்து வெளியே வருவது மிகக் கடினம். "இல்லை" என்ற ஒரு தவறான டிக் இவ்வளவுக்கும் போதும்.

படிவம் கேட்காவிட்டாலும், ஒரே வீட்டுக் கோப்புகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டே இருக்கின்றன. குடும்ப விவரப் படிவத்தில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லோரும் வருவார்கள். அழைப்புக் கடிதம் கொடுப்பவரின் பெயர் ஒவ்வொரு கோப்பிலும் இருக்கும். சென்ற வருடம் அதே மகன் அழைத்து வந்த மாமா விசா முடிந்தும் திரும்பவில்லை என்றால், இந்த வருடம் அம்மாவின் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அதையும் பார்க்கக்கூடும். இதை அம்மாவால் மாற்ற முடியாது. அம்மா யார், ஏன் திரும்புவார் என்பதை இன்னும் அழுத்தமாகக் காட்டுவது மட்டுமே கையில் இருக்கிறது.

ஆகவே புதிதாகப் போடும் முன், இதுவரை வீட்டில் யார் எந்த நாட்டுக்குப் போட்டிருந்தாலும் எல்லாப் படிவங்களையும் மேசையில் பரப்பி வைத்து ஒப்பிடுங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, திருமண நாள், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, வேலையில் சேர்ந்த மாதம், வருமானம். அப்பா படிவத்தில் மூன்று பிள்ளைகள், அம்மா படிவத்தில் இரண்டு பிள்ளைகள் என்று வந்த கோப்புகள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைச் சொன்னால் மறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் விட்டிருப்பார்கள். தவறு இருந்தால் புதிய படிவத்தில் சரியாக எழுதி, "முந்தைய விண்ணப்பத்தில் இந்த விவரம் விடுபட்டது, இப்போது திருத்தப்பட்டுள்ளது" என்று கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதிகாரியே கண்டுபிடிப்பதைவிட நீங்கள் முதலில் சொல்வது பாதுகாப்பானது.

பணம்

மறுப்புகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ஓய்வூதியம் வாங்கும் ஒருவரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கற்பனை செய்யுங்கள். மாதத்தின் முதல் நாளில் பென்ஷன் வருகிறது, மின்கட்டணம், மருந்து, வீட்டுச் செலவு போகிறது, மாதக் கடைசியில் சிறு தொகை நிற்கிறது. ஐந்து மாதம் இப்படியே. ஆறாவது மாதம், விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு, வழக்கமான இருப்பைப் போல இருபது மடங்கு தொகை ஒரே வரவாக வந்து விழுகிறது. பக்கத்தில் ஒரு சொல் விளக்கம் இல்லை. அதிகாரி பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். அது அவர் பணமா, விசாவுக்காக யாரோ போட்டு வைத்ததா?

அந்தப் பணம் உண்மையிலேயே வைப்புநிதி முதிர்ந்து வந்ததாக இருக்கலாம். அப்படியானால் வைப்புநிதிச் சான்றிதழ், அது முடிந்த நாள், அதே தொகை கணக்கில் வரவான வரி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்து, அந்த வரியைக் குறியிட்டுக் காட்டுங்கள். நிலம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம். மகன் அனுப்பியது என்றால் அதைத் தன் சேமிப்பு என்று காட்டாமல், மகன்தான் செலவு ஏற்கிறார் என்று நேராக எழுதி, மகனின் சம்பளச் சான்று, வரி மதிப்பீட்டு அறிக்கை, வேலைக் கடிதம் ஆகியவற்றை வையுங்கள். பிரிட்டனும் கனடாவும் வேறொருவர் செலவு ஏற்பதை ஒத்துக்கொள்கின்றன. யார் ஏற்கிறார், அவரால் முடியுமா என்பதைத்தான் கேட்கிறார்கள். இருப்புச் சான்றிதழ் மட்டும் கொடுப்பது எங்கேயும் போதாது. நான்கு முதல் ஆறு மாத ஓட்டத்தைக் காட்டும் ஸ்டேட்மென்ட் வேண்டும். விளக்க முடியாத வரவு இருந்தால், அது ஆறு மாதக் கணக்கிலிருந்து பின்னுக்குப் போகும்வரை பொறுப்பது மேல். மறுவிண்ணப்பத்தைத் தள்ளிப்போட உருப்படியான காரணங்களில் இது ஒன்று.

சொத்துப் பத்திரங்கள் தமிழில் இருந்தால் கனடாவுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும்; முத்திரைகளில் உள்ள எழுத்துகளையும் சேர்த்து முழுவதுமாக. வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் இருந்தாலும் அவர் செய்யக் கூடாது. குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்பதில்லை.

நோக்கமும் நாட்களும்

வேலையில் இருப்பவர் ஆறு மாதம் தங்கக் கேட்டு, மேலதிகாரி கொடுத்த விடுப்புக் கடிதத்தில் மூன்று வாரம் என்று இருந்தால், இரண்டில் ஒன்று உண்மையில்லை என்றே படிப்பார்கள். இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. "அதிகமாகக் கேட்டால் கொஞ்சமாவது கொடுப்பார்கள்" என்ற நினைப்புதான் காரணம். விடுப்புக்குள் அடங்கும் நாட்களையே கேளுங்கள். பயணத் தேதி, விடுப்புத் தேதி, அழைப்புக் கடிதத்தில் உள்ள தேதி மூன்றும் பொருந்த வேண்டும். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை விசாவுக்கு முன்பு வாங்க வேண்டாம். முன்பதிவு விவரமோ திட்டமிட்ட தேதியோ போதும்.

மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போகும் அம்மாக்களின் விண்ணப்பத்தில் நோக்கம் "சுற்றுலா" என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். மறைக்க ஒன்றுமில்லாத நோக்கம் அது. எதிர்பார்க்கும் பிரசவத் தேதி உள்ள மருத்துவக் கடிதம், முன்னும் பின்னும் எத்தனை வாரம் தங்குவார், அந்த நாட்களில் வீட்டில் அப்பாவை யார் பார்த்துக்கொள்வார் என்று எழுதினால் கதை முழுமையாகும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் காலவரையின்றி வருகிறார் என்று தோன்றும்படி எழுதினால்தான் சிக்கல்.

வேலையில் இல்லாத பெரியவர்களுக்குத் திரும்பி வரக் காரணம் காட்டுவது கடினம் என்று நினைக்கிறார்கள். பென்ஷன், சொந்த வீடு, உள்ளூரில் இருக்கும் மற்ற பிள்ளைகள், பராமரிக்க வேண்டிய மூத்தவர், தொடர்ந்து பார்க்கும் மருத்துவர், வாடகைக்கு விட்ட வீடு, பொறுப்பு வகிக்கும் சங்கம் என எல்லாமே காரணங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் வேண்டும். காகிதம் இல்லாததைக் கடிதத்தில் எழுதி நீட்டுவதால் பயனில்லை.

விளக்கக் கடிதம்

மறுவிண்ணப்பத்தின் உயிர் இதில் இருக்கிறது. ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உருக்கம் வேண்டாம், முந்தைய அதிகாரி தவறு செய்தார் என்ற தொனியும் வேண்டாம். முதல் பத்தியில் பழைய விண்ணப்ப எண்ணும் மறுத்த தேதியும். பிறகு ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பதில். உதாரணத்துக்கு, இந்தக் கருத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள்:

"முந்தைய மறுப்பில் என் பண நிலை குறித்து ஐயம் தெரிவிக்கப்பட்டது. அப்போது நான் கணக்கு இருப்புச் சான்றிதழை மட்டுமே இணைத்திருந்தேன். இப்போது ஆறு மாத வங்கிக் கணக்கையும் பென்ஷன் ஆணையையும் இணைத்துள்ளேன் (பக்கம் 4 முதல் 11). மார்ச் மாத வரவு, முதிர்ந்த வைப்புநிதி. சான்று பக்கம் 12."

பக்க எண் கொடுப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். நூறு பக்கக் கோப்பில் அதிகாரி தேட மாட்டார். சுட்டிக் காட்டினால் அந்தப் பக்கத்துக்குப் போவார். கனடாவின் இணையக் கணக்கில் இந்தக் கடிதத்துக்குத் தனி இடம் பெரும்பாலும் "கிளையன்ட் இன்ஃபர்மேஷன்" என்ற விருப்பத் தலைப்பில் இருக்கும். கைரேகை கொடுத்துப் பத்து வருடம் ஆகவில்லை என்றால் கனடாவுக்கு மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. ஷெங்கனுக்கு அந்தக் கால அளவு 59 மாதம்.

அமெரிக்க நேர்காணலில் இந்தக் கோப்பை அவர்கள் திறக்காமலே போகலாம். பேச்சு சில நிமிடங்கள்தான். "போன தடவைக்குப் பிறகு என்ன மாறியது?" என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கு மறுக்கப்பட்டது பற்றிக் கேட்டாலும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

அழைப்பவர் தரும் கடிதத்தில் அவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, வேலை, குடியுரிமை அல்லது நிரந்தரவாசி நிலைக்கான சான்று, வீட்டில் எத்தனை பேர், வருபவர் எங்கே தங்குவார், எதற்கு, எத்தனை நாள், யார் செலவு, எப்போது திரும்புவார் எல்லாம் வேண்டும். உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ். முதல் விண்ணப்பத்துக்குக் கொடுத்த கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுப்பதைத் தவிருங்கள்.

ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காதபோது

கிடைத்தவர் போய்விட்டு வரட்டும் என்பதே எங்கள் கருத்து. குறுகிய பயணமாகப் போய், சொன்ன தேதிக்குள் திரும்பினால், அது வீட்டுக்கே நல்ல சான்று. பாஸ்போர்ட்டில் உள்ள நுழைவு, வெளியேற்ற முத்திரைகளின் நகலை மற்றவரின் மறுவிண்ணப்பத்தில் வைக்கலாம். செய்யக் கூடாத ஒன்று: கணவர் அங்கே இருக்கும்போதே மனைவிக்குப் போடுவது. இங்கே திரும்பி வரக் காத்திருக்கும் துணை என்ற காரணம் அப்போது அடியோடு இல்லாமல் போய்விடும். இருவரும் வீட்டில் இருக்கும்போது போடுங்கள்.

குடும்பமே மொத்தமாகப் போட்டு மொத்தமாக மறுக்கப்பட்டிருந்தால், அடுத்த முறை எல்லோரும் போக வேண்டுமா என்று யோசியுங்கள். கல்யாணம் போலத் தேதி நிலையான நிகழ்ச்சி என்றால், பெற்றோர் மட்டும் போய், பள்ளி நடக்கும் பிள்ளைகள் பாட்டியிடம் இருப்பது உண்மையான திட்டமாக இருக்கலாம். விசாவுக்காக மட்டும் அப்படிச் சொல்லிவிட்டு, கிடைத்ததும் பிள்ளைகளுக்குத் தனியாகப் போடுவது அடுத்த கேள்வியை வரவழைக்கும்.

கனடாவில் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ குடியுரிமையோ நிரந்தரவாசி நிலையோ பெற்றிருந்தால், சாதாரண விசாவுக்கே திரும்பத் திரும்பப் போடாமல், பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் உள்ள சூப்பர் விசாவைப் பாருங்கள். ஒருமுறை நுழைந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம். அழைப்பவருக்குக் குறைந்தபட்ச வருமானம் வேண்டும்; குடும்ப எண்ணிக்கையில் வரப்போகும் பெற்றோரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறைந்தது ஒரு வருடத்துக்கு, குறைந்தது 1,00,000 கனேடிய டாலர் மருத்துவக் காப்பீடும் மருத்துவப் பரிசோதனையும் தேவை. காப்பீட்டுக்கு விலை கேட்டு வாங்கிய தாள் போதாது. முழுவதுமோ முதல் தவணையோ கட்டிய சான்று வேண்டும். திரும்புவார்களா என்ற கேள்வி இதிலும் உண்டு.

குறிப்புகளைப் படித்த பிறகு, கொடுத்த சான்றை அதிகாரி பார்க்கவே இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தால், மூன்றாவது விண்ணப்பத்துக்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் நீதிமன்ற மறுஆய்வு பற்றிக் கேட்கலாம். கனடாவின் ஃபெடரல் நீதிமன்றம் விசா கொடுக்காது. முடிவு நியாயமற்றது என்று கண்டால் வேறொரு அதிகாரி புதிதாகப் பார்க்கும்படி திருப்பி அனுப்பும். நாட்டுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுக்கு 60 நாள், உள்ளே எடுக்கப்பட்டதற்கு 15 நாள் அவகாசம். முடிவு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும். குறிப்புகள் வந்து சேர ஒரு மாதம் பிடிக்கும் என்பதால், மறுப்பு வந்த வாரத்திலேயே அவற்றைக் கேட்டு வைத்துவிடுங்கள்.